ஓய்வும் உலைக்களமும்

நம் ஊர்க் கடைத்தெருவின் கோடியில் பட்டறை வைத்திருக்கும் கொல்லர் ஒருவர் ஒரு நாள் மாலை நம் வீட்டுக் கொல்லைப்புறத்திற்கு வந்தார். வேப்ப மரத்தடியில் புளியங்கட்டையின் மீது நிறுத்தி வைத்திருந்த பழைய அடைகல்லைக் கண்டார். அதன் அருகே கையால் சுற்றும் புளோயரையும், செங்கல்லும் களிமண்ணும் கொண்டு நாமே கட்டிய உலையையும், சுவரோரம் மாட்டியிருந்த குறடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடித்தபின், "இதெல்லாம் எதற்கு, பாய்?" என்று கேட்டார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளவே கேட்டார். நாமோ பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிடுகிறது. இரும்படித்துப் பிழைக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை என்பதை ஊர் அறியும். "பொழுதுபோக்கு" என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. எவருடைய பொழுதெல்லாம் உலையின் முன்னே கழிகிறதோ அவரிடமே அந்தச் சொல்லைச் சொல்வது எங்ஙனம்? "சும்மாதான், ஆசாரியாரே" என்று சொல்லி வைத்தோம். அவரும் தலையசைத்துவிட்டுப் போனார்.

அந்தச் 'சும்மா' அன்றிலிருந்து நம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒருவர் வயிற்றுக்காகச் செய்யும் கடுந்தொழிலை, வயிற்றுக்கு வேறு வழியுள்ள மற்றொருவர் மகிழ்ச்சிக்காகச் செய்வது தகுமா? அது அத்தொழிலுக்குச் செய்யும் மரியாதையா, அல்லது அதை விளையாட்டாக்கும் குற்றமா? இக்கேள்வியை வாசக நேயர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் நம் கதையைச் சொல்லிவிட வேண்டும். நாம் லாடக்காரர் வீட்டுப் பிள்ளை. அத்தா சந்தைப் பேட்டையின் ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் மாடுகளுக்கு லாடம் கட்டி வந்தார். குதிரைக்குக் குளம்பு ஒன்று, லாடமும் ஒன்று. மாட்டுக்குக் குளம்பு பிளவுபட்டது. ஆகவே காலுக்கு இரண்டு வீதம் ஒரு மாட்டுக்கு எட்டு லாடம் வேண்டும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவி, லாடத்தை வைத்து ஆணி அடிப்பார். ஆணி சற்றே உள்வாங்கினால் மாடு நொண்டும். அந்தப் பிழை அவர் கையில் நிகழ்ந்து நாம் பார்த்ததில்லை. பள்ளி செல்லும் முன் துருத்தி ஊதுவது நம் வேலை. ஆயினும் சம்மட்டியை அவர் நம் கையில் கொடுத்ததேயில்லை. கேட்டால், "இந்தக் கரி என்னோடு போகட்டும், நீ போய்ப் படி" என்பார்.

கரி அவரோடுதான் போயிற்று. வண்டி மாடுகள் குறைந்தன, பாரமெல்லாம் லாரியில் ஏறியது. 1986ஆம் ஆண்டு அத்தா மறைந்தபோது கொட்டகையில் எஞ்சியவை ஓர் அடைகல், இரண்டு சம்மட்டி, ஏழெட்டுக் குறடு, கிழிந்த துருத்தி ஆகியவையே. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் பணம் தேவைப்பட்டது. அவற்றையெல்லாம் பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டு விற்றோம். நம்மை இருபது ஆண்டு சோறூட்டி வளர்த்த கல்லை ஒரு பகல் விருந்தாக்கிப் பரிமாறினோம். அந்த விருந்து மார்க்கத்தில் அவசியமா என்ற வாதத்திற்குள் இங்கே புக விரும்பவில்லை. விற்றது நாம், அது போதும்.

பிறகு முப்பதாண்டுக்கு மேல் இரும்பை நாம் நினைக்கவில்லை. ஓய்வு பெற்றபின், 2019ஆம் ஆண்டு, திருச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையின் வாசலில் குப்புறக் கிடந்த ஒரு கல்லின் மீது கால் இடறியது. புரட்டிப் பார்த்தால் அடைகல். ஒரு முனையில் கொம்பு, மறுமுனையில் சதுரமாக ஒரு துளையும் வட்டமாக ஒரு துளையும் இருந்தன. விலா முழுவதும் துரு. கம்பித் தூரிகையால் தேய்த்தபோது எழுத்துகள் தெரிந்தன. இங்கிலாந்தின் டட்லி நகரில் அடைகல் செய்து உலகெங்கும் அனுப்பிய பீட்டர் ரைட் நிறுவனத்தின் முத்திரை அது. கீழே 1, 2, 7 என்று மூன்று எண்கள் தள்ளித்தள்ளிப் பொறிக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் அதை வரிசை எண் என்றார். அது எடை. ஆங்கிலேயரின் பழைய கணக்கில் முதல் எண் அந்தர், அதாவது 112 பவுண்டு. இரண்டாவது எண் கால் அந்தர், ஒவ்வொன்றும் 28 பவுண்டு. மூன்றாவது தனிப் பவுண்டு. கூட்டினால் 175 பவுண்டு, ஏறத்தாழ 79 கிலோ. கடைக்காரரின் தராசில் 78 கிலோ காட்டியது. விற்கிறவரின் தராசு குறைத்துக் காட்டிய வழக்கம் உலகில் இல்லையாதலால், அந்த ஒரு கிலோ துருவிலும் தேய்மானத்திலும் போனதென்றே கொண்டோம். கிலோ 40 ரூபாய் வீதம் 3,120 ரூபாய் கொடுத்து, வாடகை வண்டியில் ஏற்றி வந்தோம்.

அந்த வட்டத் துளையின் பயன் பின்னரே தெரிய வந்தது. குதிரை லாடத்தில் ஆணித் துளை குத்தும்போது உளி முனை கல்லில் மோதாமல் கீழே இறங்குவதற்காக வைத்தது அது. லாடக்காரரின் துளை! அதை அறிந்த அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

பழைய கருவியைச் சீர்செய்வதில் முதற்பாடம் எதைச் செய்யாதிருப்பது என்பதே. இத்தகைய பழைய கற்களின் உடல் மெல்லிரும்பு. முகத்தில் மட்டும் கடினப்படுத்திய உருக்குத் தகடு ஒன்றை உலையிலேயே சூடேற்றி அடித்துப் பற்றவைத்திருப்பார்கள். அத்தகடு மெல்லியது. பளபளப்புக்கு ஆசைப்பட்டுச் சாணை பிடித்தால், நூறாண்டு தாங்கிய முகத்தை ஒரே பிற்பகலில் கரைத்துவிடலாம். நம் நண்பர் ஒருவர் சாணை எந்திரத்தோடு ஆவலாய் வந்து நின்றார். அவரைத் தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தோம். கம்பித் தூரிகை, மண்ணெண்ணெய், கடைசியில் சிறிது ஆளிவிதை எண்ணெய், இவற்றோடு நிறுத்திக்கொண்டோம். பத்து அங்குல உயரத்திலிருந்து ஓர் உருக்குக் குண்டை முகத்தின் மீது விட்டால் எவ்வளவு உயரம் துள்ளி எழுகிறதோ அதுவே கல்லின் உயிரை அறியும் சோதனை. நம் கல்லில் நடுப்பகுதியில் ஏழரை அங்குலம் எழுந்தது. ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் செத்தது போல் நின்றுவிட்டது. அங்கே தகடு உள்ளே விட்டுப் போயிருக்கிறது. அந்த இடத்தில் அடிப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

புளோயரின் பற்சக்கரப் பெட்டிக்குள் பழைய எண்ணெய் தார் போல் இறுகியிருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுக் கழுவியபின், ஒரு சுற்றுக்குப் பத்துப் பெருமூச்சு விட்டது. கால் வைத்த பழைய வைஸ் ஒன்றும் கிடைத்தது. அதன் கால் தரையில் ஊன்றி நிற்பதால் சம்மட்டி அடியைத் திருகுக்கு விடாமல் பூமிக்கு அனுப்பிவிடும். அதன் வாயைத் திறக்கும் வில் மட்டும் காணாமற் போயிருந்தது. லாரியின் வில்தகட்டில் ஒரு துண்டு வெட்டி நாமே அடித்துப் பொருத்தினோம். வண்டி மாட்டை ஓட்டிய லாரிதான் இன்று கிராமத்துக் கொல்லருக்கு நல்ல உருக்கைக் கொடுக்கிறது. அரிவாளும் அரிவாள்மனையும் பெரும்பாலும் அந்த வில்தகட்டிலிருந்தே பிறக்கின்றன.

இவ்வாறு செய்கிறவர் நாம் மட்டுமல்லர். அமெரிக்காவில் மோட்டாரும் டிராக்டரும் வந்து ஊர்தோறும் இருந்த பட்டறைகளை மூடிவிட்டன. இரண்டாம் உலகப் போரின்போது நடந்த பழைய இரும்புச் சேகரிப்பில் எத்தனையோ அடைகற்கள் உருக்காலைக்குப் போயின. தப்பியவை தொழுவங்களில் கிடந்து துருவேறின. 1969இல் அலெக்ஸ் பீலர் என்பார் கொல்லுத் தொழிலின் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1973இல் ஜார்ஜியா மாநிலத்தின் லம்ப்கின் என்ற சிற்றூரில் சிலர் கூடி வட அமெரிக்கக் கலைக் கொல்லர் சங்கத்தைத் தொடங்கினர். அதன்பின் ஆசிரியரும் மருத்துவரும் எழுத்தரும் வார விடுமுறையில் உலை மூட்டத் தொடங்கினார்கள். தொழுவத்துக் கற்கள் எழுந்து நின்றன. இன்று அங்கே ஒரு நல்ல பழைய அடைகல்லுக்கு அடிதடிப் போட்டி. கொல்லர் இருந்த காலத்தில் இல்லாத விலை, கொல்லர் இல்லாத காலத்தில் வந்திருக்கிறது. இதைக் கண்டு மகிழ்வதா, வருந்துவதா?

வருந்த வேண்டும் என்போரின் வாதம் எளியதல்ல. இரும்பின் பெயராலேயே ஓர் அத்தியாயம் திருமறையில் உண்டு என்பதை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். இரும்படிக்கிறவரைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. மக்காவில் கப்பாப் (ரலி) அவர்கள் கொல்லராய் இருந்தார்கள். ஆஸ் இப்னு வாயில் என்ற செல்வனுக்கு வேலை செய்துவிட்டுக் கூலி கேட்கப் போனபோது, நபிகளாரை மறுத்தாலன்றிக் கூலி இல்லை என்றான் அவன். நீ இறந்து மீண்டும் எழுப்பப்படும் வரை மறுக்க மாட்டேன் என்றார்கள் இவர்கள். அப்படியானால் எழுப்பப்பட்டபின் வா, அங்கே தருகிறேன் என்று ஏளனம் செய்தான். இந்த நிகழ்ச்சியை ஈமானின் உறுதிக்குச் சான்றாகவே சொல்லிவிட்டுப் போகிறோம். அது சரியே. ஆனால் அதில் ஒரு தொழிலாளியின் கொடுபடாத கூலியும் இருக்கிறது. கொல்லரின் வாழ்வு என்பது நெருப்பும் சம்மட்டியும் மட்டுமன்று. தன் உழைப்பின் பலனை மற்றொருவன் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும் என்ற அச்சமும் அதில் உண்டு. பொழுதுபோக்குக் கொல்லருக்கு அந்த அச்சம் இல்லை. அவருடைய கூலியை மறுக்க எவராலும் இயலாது, ஏனெனில் அவர் கூலியே கேட்கவில்லை. ஆகவே அவர் எடுத்துக்கொள்வது தொழிலின் பாதியை மட்டுமே. பலாச்சுளையை உண்பவர் ஒருவர், பிசின் ஒட்டியது வேறொருவர் கையில்.

இதை நம் அனுபவத்திலேயே சோதித்துப் பார்த்தோம். உலையின் முன் நிற்கும்போது நமக்கு உண்டாகும் களிப்பு தொழிலிலிருந்து வருகிறதா, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்ற விடுதலையிலிருந்து வருகிறதா? பக்கத்து வீட்டு அம்மையாருக்கு ஓர் அரிவாள்மனை அடித்துக் கொடுத்தோம். அதைக் கண்டு இன்னும் மூன்று வீட்டார் கேட்டனர். முதலாவதை அடிக்கையில் நேரம் போனதே தெரியவில்லை. நான்காவதை, சொன்ன நாளுக்குள் முடிக்க வேண்டுமென்று அடித்தபோது தோள் வலித்தது, புகை கண்ணைக் கரித்தது, மனம் கடிகாரத்தைப் பார்த்தது. அத்தாவுக்கு ஒவ்வொரு நாளும் அந்த நான்காவது நாளாகவே இருந்திருக்கும் என்று அன்றுதான் உறைத்தது.

ஆனால் இத்தோடு வழக்கைத் தீர்த்துவிடவும் மனம் ஒப்பவில்லை. அத்தா லாடத்தை அடித்து முடித்ததும் உடனே தண்ணீரில் போட மாட்டார். குறட்டில் பிடித்தபடியே இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் தேவையானதைவிட ஒரு கணம் கூடுதலாகவே எடுத்துக்கொள்வார். வெளியே வண்டிக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருப்பார். அந்த ஒரு கணத்துக்கு எவரும் கூலி கொடுக்கவில்லை. கூலிக்கு உழைத்தவரிடமும் கூலிக்கு அப்பாற்பட்ட ஒன்று இருந்தது. நாம் இன்று உலையில் தேடுவது அந்தக் கணத்தைத்தான் என்றால், அதை முற்றிலும் திருட்டு என்று சொல்லிவிட முடியுமா?

இரும்பும் ஆள் பார்ப்பதில்லை. பிழைப்புக்கு அடித்தாலும் பொழுதுபோக்குக்கு அடித்தாலும் அதன் நீதி ஒன்றே. உருக்கு ஆரஞ்சு நிறத்தைத் தாண்டி வெண்மைக்குப் போய் மத்தாப்புப் போல் பொறி கக்கினால் அது கெட்டது, கெட்டதுதான். நாம் அப்படி இரண்டு துண்டுகளைக் கெடுத்தோம். துவைச்சலிலும் இதே கண்டிப்பு. காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 770 பாகைக்கு, சற்று மேலே கொண்டுபோய்க் குளிர்விக்க வேண்டும். அப்போது உருக்கு கண்ணாடி போல் கடினமாகும், கண்ணாடி போலவே உடையவும் செய்யும். பிறகு அதைத் தேய்த்து மெருகேற்றி இளஞ்சூட்டில் காட்டினால் நிறங்கள் ஓடும். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, பின்பு நீலம். மஞ்சளுக்கும் பழுப்புக்கும் இடையே நிறுத்தினால் வெட்டும் கருவி, நீலம் வரை விட்டால் வில். அந்த மஞ்சள் ஓடி மறைவதற்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குள் எடுக்கத் தெரிவதே தொழில். ஓய்வூதியத்தைக் காட்டி அதனிடம் சலுகை கேட்க முடியாது.

இன்னொன்றும் சொல்லலாம். நம் நாட்டு மூசை உருக்கின் கதை பலருக்குத் தெரியும். கொடுமணல் அகழ்வாய்வு அதன் தொன்மைக்குச் சான்று தருகிறது. அந்த உருக்கு அரபு வணிகர் வழியே மேற்கே போய், நீரோட்டம் போன்ற வரிகள் கொண்ட வாள்களாயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி வாள்களைப் பற்றிய தம் ஏட்டில் சரந்தீப் உருக்கையும் வகைப்படுத்தியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த அறிவு அறுந்து போயிற்று. பிழைப்பு போனதும் நுட்பமும் போய்விட்டது. செய்முறை எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை, அது கைகளில் இருந்தது. அதை மீட்க முனைந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆல் பெண்ட்ரே. அவர் குதிரைகளுக்கு லாடம் கட்டியவர்! வாள் செய்து விற்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லாத காலத்தில், தம் பட்டறையில் மூசை மூசையாக உருக்கிப் பார்த்தார். வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்து, அந்த வரிகள் தோன்றுவதற்கு வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருக்க வேண்டும் என்று 1998இல் வெளியிட்டார்கள். ஆதாயம் கருதாத ஆர்வம் என்ற ஒன்று இல்லையெனில் இது நடந்திராது. பிழைப்பு கைவிட்ட அறிவைச் சில வேளைகளில் ஆர்வம் ஏந்திக்கொள்கிறது என்று நாம் இதிலிருந்து தெம்பு கொண்டோம்.

அந்தத் தெம்பு நெடுநாள் நீடிக்கவில்லை. கொல்லர் அன்று நம் கொல்லைப்புறத்திற்கு வந்தது வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல என்பது பின்னர்த் தெரிந்தது. நாம் இலவசமாகக் கொடுத்த நான்கு அரிவாள்மனைகளும் அவர் பட்டறைக்கு வரவேண்டியவை. கேட்டுப் போன நான்கு வீடுகளும் அவருடைய வீடுகள். தம் சோற்றில் கை வைத்தது யார் என்று பார்க்க வந்தவர், பார்த்துவிட்டு ஒரு சொல்லும் கடிந்து பேசாமல், எதற்கு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நமது தர்மம் அவருக்கு நஷ்டமாயிற்று. வெளிநாட்டுப் பொழுதுபோக்குக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு, அங்கே ஊர்க் கொல்லர் முன்பே போய்விட்டார். நம் ஊரில் அவர் இன்னும் இருக்கிறார்.

மறுநாளே அவர் பட்டறைக்குப் போனோம். அங்கே கண்டது நம்மை மேலும் வாட்டியது. அவருடைய அடைகல் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. தலை தேய்ந்து குழிந்து, ஒரு கட்டையில் பதிந்திருந்தது. மகன்கள் இருவரும் திருப்பூர் போய்விட்டார்கள். அவர் மனைவியார்தான் சம்மட்டி அடிக்கிறார். நம் வீட்டிலோ 78 கிலோ நல்ல கல் வாரத்தில் ஆறு நாள் சாக்கு போர்த்திக்கொண்டு உறங்குகிறது. பழைய கருவியைத் துருவிலிருந்து காத்தோம் என்று நாம் கொண்ட பெருமை அந்த இடத்தில் நிற்கவில்லை. யாருக்காகக் காத்தோம்?

நபிகளாரின் குழந்தை இப்ராஹீம் அபூ ஸைஃப் என்ற கொல்லரின் வீட்டில்தான் வளர்ந்தது. நபிகளார் அங்கே செல்லும்போது வீடு புகையால் நிறைந்திருக்கும். அனஸ் (ரலி) அவர்கள் முன்னே ஓடி, துருத்தியை நிறுத்துமாறு சொல்வார்களாம். அந்தப் புகை வீட்டை நினைத்துக்கொண்டே நாம் அவரிடம் சொன்னோம்: "ஆசாரியாரே, அந்தக் கல்லை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்."

அவர் சிரித்தார். "அது நின்று அடிக்கிற கல், பாய். நான் உட்கார்ந்து அடிக்கிறவன்" என்றார். அது நமக்குத் தோன்றவேயில்லை. ஆங்கிலேயர் நின்று அடிக்கும் உயரத்துக்குச் செய்த கல்லை, தரையில் அமர்ந்து வேலை செய்பவர் என்ன செய்வார்? சற்று நேரம் யோசித்துவிட்டு அவரே வழியும் சொன்னார். கட்டையை எடுத்துவிட்டு, கல்லைப் பாதி வரை குழியில் இறக்கினால் போதுமாம்.

அப்படியே இறக்கியாயிற்று. பீட்டர் ரைட்டின் முத்திரையும் 1, 2, 7 என்ற எண்களும் இப்போது மண்ணுக்குள். அதைத் தேய்த்து வெளிக்கொணர நாம் பட்ட பாட்டை எண்ணிச் சற்று வருத்தம்தான், மறைக்க வேண்டியதில்லை. உட்புறம் விட்டுப்போன அந்த ஓரத்தை அவர் முதல் நாளே சுத்தியலின் ஒலியில் கண்டுகொண்டார். குண்டும் அங்குலமும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஜும்ஆ தவிர்த்த மற்ற நாட்களில் இயலும்போது அஸருக்குப் பின் அங்கே செல்கிறோம். அம்மையாரின் கையிலிருந்த சம்மட்டி இப்போது நம் கையில். அத்தா கொடுக்க மறுத்த சம்மட்டி. அவர் சிறு சுத்தியலால் எங்கே தட்டுகிறாரோ அங்கே நாம் அடிக்க வேண்டும். பத்தில் மூன்று அடி இன்னும் விலகித்தான் விழுகிறது. அரிவாள்மனை கேட்டு வருவோரை இப்போதெல்லாம் நேரே அவரிடமே அனுப்பிவிடுகிறோம்.

கல்லுக்கு வாடகை தருவேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்கிறார். வேண்டாமென்றால், அப்படியானால் சம்மட்டி அடிப்பதற்கு நீங்கள் கூலி வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். இரண்டும் வேண்டாமென்று நாம் சொன்னால், "சும்மா வாங்கிப் பழக்கமில்லை, பாய்" என்று உலையைக் கிளறுகிறார். மூன்று வாரமாகப் பேச்சு நடக்கிறது. இன்னும் முடிவாகவில்லை.